சிரிப்பக்காவின் முழங்கால்

திரைச்சீலை விற்கும் பிரிவு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. பாதி ஆயுளை அங்கே நின்றே கழித்தவளுக்குச் சொந்தப் பெயர் எப்போதோ மங்கிப்போய்விட்டது. வாசல் காவலாளி வரைக்கும் அவள் சிரிப்பக்காதான். எதிரே ஒரு முகம் வந்து நின்றால் போதும், உதடு தானாக விரிந்துவிடும். கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களையும் அதே சிரிப்போடுதான் வழியனுப்புவாள்.

நின்று நின்று இரண்டு முழங்காலும் இப்போது தேய்ந்துவிட்டன. படியேறினால் உயிர் போய் உயிர் வந்தது.

"கீழ துண்டு விக்கிற எடம் காலியாகுது அக்கா," என்றார் மேனேஜர். "ஆனா கால்வலி இங்க யாருக்குத்தான் இல்ல? ஆஸ்பத்திரியில ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க, மாத்திடறேன். இல்லேன்னா மாடிதான். முடியலேன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க."

வீடு என்ற சொல்லே அவளை உலுக்கியது. மகன் வேலைக்காக வெளியூரில் இருந்தான். வீட்டில் அவளும் மருமகளும்தான். அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். கதவைத் தட்டினாலும் சாவகாசமாகத்தான் வந்து திறப்பாள். அவள் கையை எதிர்பார்த்து ஒரு மூலையில் உட்கார்ந்து கிடப்பதா?

பிசியோதெரபி அறைக்குத் துணையாக வந்தவளும் அதே மருமகள்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"வலியே இல்லேன்னா பூஜ்யம். தாங்கவே முடியாதுன்னா பத்து," என்றார் பிசியோதெரபிஸ்ட், தலை நரைத்த மனிதர். "உக்காந்திருக்கும்போது இருக்கற வலி வேற, அசையும்போது வர்ற வலி வேறம்மா. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்."

நாற்காலியிலிருந்து எழுந்தாள். தாழ்வாரத்தில் நடந்தாள். பிறகு, அறைக்குள்ளேயே போட்டிருந்த, கைப்பிடி வைத்த மரப்படியில் ஏறி இறங்கினாள். அவர் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

"இப்ப எவ்வளவும்மா?"

"கொஞ்சம் இருங்க சார்." வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, மூச்சு அடங்கியதும் சொன்னாள். "ரெண்டு."

"ரெண்டுக்கு யாராவது கைப்பிடிய இப்படி நெரிப்பாங்களா?"

"பழக்கம் சார்."

அவள் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்தபின் வலி நிஜமாகவே அவ்வளவுதான். கடுதாசிக்காகக் கூட்டிச் சொன்னாள் என்ற கெட்ட பெயர் வேண்டாம் என்றும் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும். ரெண்டுன்னு எழுதினா படியேறக்கூடாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் தலை குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சார்," என்றாள் மருமகள். "நீங்க அவங்க எதிர்ல நிக்காதீங்க. ஆள் எதிர்ல நின்னா எங்க அத்தைக்குக் கால் வலிக்காது."

"அப்படின்னா?"

"எங்க வீடு ரெண்டாவது மாடி. ஏறி வரும்போது யாரும் இல்லன்னு நெனச்சு முனகுவாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு தினம் கேக்கறேன். தட்டின உடனே தொறக்கமாட்டேன் சார். மூச்சு வாங்கி, முகத்தச் சரிபண்ணிக்கட்டும்னு நிப்பேன். தொறந்தா சிரிச்சுட்டு நிப்பாங்க. அப்புறம் என்னன்னு கேக்கறது? பஸ்ல கூட்டமான்னுதான் கேப்பேன்."

சிரிப்பக்கா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்று எத்தனை முறை இந்தப் பெண்ணை மனதுக்குள் வைதிருக்கிறாள். திமிர் பிடித்தவள், மாமியார் என்றால் இளக்காரம் என்றெல்லாம்.

"இன்னொரு தடவை ஏறுங்கம்மா," என்றார் அவர். இம்முறை பின்னால் போய் நின்றுகொண்டார். எதிரே வெறும் சுவர். பாதிப் படியில், "நில்லுங்க. இப்ப?" என்றார்.

சிரிப்பதற்கு அங்கே முகம் எதுவும் இல்லை.

"எட்டு."

யாரோ சொன்னதுபோல் இருந்தது. இறங்கும்போது "ஒம்பது" என்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கையெடுத்தால் பிடி நழுவிவிடும்.

"பத்துன்னு மட்டும் வாயில வராது சார்," என்றாள் மருமகள். "கடைக்காரங்க. வெல சொல்ற மாதிரி ஒண்ணாவது கொறச்சுத்தான் சொல்வாங்க."

கடுதாசி கிடைத்தது. மேனேஜர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து கீழே வரச் சொன்னார்.

ஆனால் வீட்டுப் படி அப்படியேதான் இருந்தது. அன்று மாலை மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் குரல் வந்தது.

"இப்ப எவ்வளவு அத்தை?"

சிரிப்பக்கா திரும்பவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏழு."

"அப்ப உக்காருங்க. கொறையட்டும்." அவளும் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். "என்ன அவசரம்? சாவி என்கிட்டதான இருக்கு."