பொட்டு வைத்த தோட்டா

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. சின்னமனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய செய்தித்தாளை விரித்து, கணவரின் ரைஃபிளைத் துடைக்க உட்கார்ந்தேன். மேகமலை ஏலத்தோட்டத்துக்காக மாமனார் காலத்தில் உரிமம் வாங்கிய துப்பாக்கி, இப்போது கணவர் பெயரில் இருக்கிறது. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சுடப் பழகியவள் என்பதால், அவர் பக்கத்தில் இருக்க, அதைச் சுத்தம் செய்வது என் வேலை.

பூஜையில் அரிவாள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தராசோடு துப்பாக்கியையும் சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு இரும்பில் கிடந்தால் துருப் புள்ளி விழும். அதனால் மறுநாளே துடைத்துவிட வேண்டும். அந்த ஆண்டு துப்பாக்கியை எடுத்துச் சாமி முன் வைத்தவர் தேனியிலிருந்து மனைவியோடு வந்திருந்த என் கணவரின் அண்ணன். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் வேறு பூசியிருந்தார். அது நாள்பட்டால் பிசினாகி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று பலமுறை சொல்லியாயிற்று. அந்த எரிச்சலோடுதான் தொடங்கினேன்.

துணியைத் தொடுமுன் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து பார்ப்பேன். அன்றும் அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி வந்து செய்தித்தாளில் விழுந்து உருண்டது. சுடாத தோட்டா. அதன் அடியில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

மறந்து உள்ளே தங்கிய தோட்டா அல்ல. பொட்டு வைத்துப் போட்டிருக்கிறார்கள். விசை அழுந்தாமல் தடுக்கும் சேஃப்டியும் போடவில்லை.

என் கணவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நாந்தான் போட்டேன் ஆத்தா. வெறுந் துப்பாக்கிய சாமி முன்னால வைக்கலாமா? வெறுங் குடத்த வச்சுக் கும்பிடுவமா?"

"காருக்கும்தான் நேத்து மாலை போட்டீக. ஸ்டார்ட் பண்ணி கியர்ல போட்டா நிறுத்துனீக?"

"ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்குக் கத்துற? ஒண்ணும் ஆகலயில்ல?"

"விடு, அண்ணன் தெரியாமச் செஞ்சுட்டாக" என்றார் என் கணவர்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியாமலா? பொட்டு வச்சுப் போட்டிருக்காக!" என்று கத்தினேன். அந்த வீட்டில் அதற்கு முன் நான் குரல் உயர்த்தியதில்லை.

முந்தின நாள் பூஜை கண்முன் வந்தது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். குழலின் வாயில் பொட்டு வைத்தவர் அந்த அண்ணனின் மனைவி; அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குங்குமம் சரியாக விழவேண்டும் என்று முகத்தைக் குழலருகே கொண்டுபோய்க் குனிந்து வைத்தார். அவர் முந்தானை தட்டித் துப்பாக்கி சற்றுச் சரிந்தது. கணவர்தான் பிடித்து நிறுத்தினார். எங்கே பிடித்தார், விரல் எதில் பட்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

இதை அப்படியே சொன்னேன். அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா தன் நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் மட்டும், "பொம்பளைக பயந்தா இப்படித்தான்" என்றார்.

தேங்காய் எண்ணெயை வழித்துத் துடைத்தேன். குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். போல்ட்டுக்குத் துப்பாக்கி எண்ணெய் சில சொட்டு மட்டும் விட்டேன். பிறகு, அது இல்லாமல் துப்பாக்கி வெடிக்காது என்பதால், போல்ட்டைத் தனியே கழற்றி, தோட்டாக்களோடு பீரோவில் பூட்டினேன். சாவிக்குக் கணவர் கை நீட்டவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் போல்ட் இல்லாத துப்பாக்கிதான் வைக்கப்படுகிறது. ஊனமான ஆயுதத்தைக் கும்பிட மாட்டேன் என்று அண்ணன் வருவதில்லை. அக்கா மட்டும் பஸ் ஏறி வந்துவிடுகிறார். குங்குமச் சிமிழை எடுக்கும் முன், "போல்ட்ட எடுத்தாச்சுல்ல?" என்று என்னிடம் கேட்கிறார்.

ஒன்றும் ஆகாததற்கு இன்னும் எதற்குக் கோபம் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அக்கா குனிந்து அந்தக் குழலின் வாயில் பொட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும், இந்தக் கோபத்தை ஆறவிடக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.