இஞ்சி தட்டிய கல்

2010-ஆம் வருடம் சித்திரை மாதம் சிதம்பரத்திலிருந்து முப்பது பேர் நேபாளத்து முக்திநாத்துக்கு யாத்திரை கிளம்பினார்கள். அவர்களுக்குச் சமைக்க ஒரு சமையற்காரர் போனார். காய் நறுக்க, பாத்திரம் கழுவ அவருடன் நானும் போனேன்.

அந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அங்கே கடல் கிடையாது என்று சொன்னார்கள், அதற்காகத்தான் போனேன்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரி. சுனாமி வந்த காலையில் மீன் கூடையோடு முதுநகரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் அவர் உடம்பு கிடைத்தது. அதோடு சிதம்பரம் வந்து ஒரு மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். சோறு போட்ட கடலே இப்படிச் செய்துவிட்டதே என்ற ஆத்திரம். ஐந்தரை வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மகள் அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். யாத்திரை கிளம்புமுன் அவள் பேத்தியின் காதுகுத்துக்கு நாள் சொல்லிக் கூப்பிட்டபோதும் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"ஆயா எங்கன்னு புள்ள கேட்டா, கடலுக்குப் பயந்துகினு மலை ஏறிடுச்சுன்னு சொல்றேன், போ" என்று போனை வைத்துவிட்டாள்.

ரயில், பஸ், கடைசியில் ஜீப். முக்திநாத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினோம். மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் காய்ந்த மலை, பாயை மடித்து மடித்துப் போட்டதுபோல வரி வரியாக. அதற்கு மேலே பனி. நடுவில் அகலமான ஆறு, தண்ணீரைவிடக் கல்தான் ஜாஸ்தி. மத்தியானக் காற்று ஆளையே தள்ளியது. மூச்சு வாங்கினாலும் மனதுக்குள் ஒரு நிம்மதி. இங்கே கடல் வர முடியாது.

ஆற்றோரம் ஒரு சுவர் மறைவில் அடுப்பு வைத்தோம். ரசத்துக்கு இஞ்சி தட்ட வேண்டும். இடிகல்லை முந்தின ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். சமையற்காரரிடம் சொல்லப் பயந்து, ஆற்றில் இறங்கிக் கைக்கு அடக்கமாக ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கி வந்தேன். பாறைமேல் இஞ்சியை வைத்து நாலு தட்டு தட்டியிருப்பேன். கல் இரண்டாகப் பிளந்துவிட்டது.

உள்ளே கடல் நத்தை. சுருள் சுருளாக, கல்லுக்குள் கல்லாகவே இருந்தது. நாற்பது வருடம் வலையிலிருந்து சங்கும் நத்தையும் பிரித்துப் போட்ட கை இது, எனக்குத் தெரியாதா? அலை அங்கேயும் வந்துவிட்டது போல இருந்தது.

எட்டிப் பார்த்த சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னாக்கா பண்ணிட்ட? இது சாளக்கிராமம். பூஜையில வைக்கறதுக்கு யாத்திரை வந்தவங்க ஆறு பூரா குனிஞ்சி தேடிக்கினு இருக்காங்க. நீ இஞ்சி தட்டிகினு இருக்க."

பெருமாள் என்று கும்பிடும் கல்லாம் அது. எல்லோரும் கூடிவிட்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. யாத்திரையில் வந்தவர்களில் ஒரு பெரியவர், கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இரண்டு பாதியையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மோந்து பார்த்தார்.

"பெருமாளே தட்டிக் குடுத்த இஞ்சி. எனக்கு ரெண்டு கரண்டி ஜாஸ்தியா ஊத்தும்மா."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. அவ்வளவு நாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அப்போது கேட்டுவிட்டேன். "ஐயா, இது கடல்ல கெடக்கறதாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

"அது வரல. இங்கயேதான் இருந்துச்சு. மனுசனே பொறக்காத காலத்துல இந்த எடமே கடலு. நம்ம தெக்கத்தி நெலம் நவுந்து வந்து வடக்க இருந்த நெலத்துல முட்டி, கடலோட தரை மடிஞ்சு மலையா எழும்பிடுச்சு. இன்னும் முட்டிக்கினேதான் இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். பாய் மடிப்பு என்று நினைத்ததெல்லாம் கடலடிச் சேறு. இவ்வளவு தூரம் ஓடிவந்து அதன்மேலேயே அடுப்பு மூட்டியிருக்கிறேன்.

"அப்போ நம்மூருக்கு வந்த அலை?"

"அதுவும் அடியில தரை நவுந்ததுதான். தரை தூக்கி அடிச்சா தண்ணி என்னா பண்ணும்மா?"

எதை நம்பி ஓடினேனோ அந்தத் தரைதானா அலையைக் கிளப்பியது? பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், தண்ணி என்னா பண்ணும், தண்ணி என்னா பண்ணும் என்று.

ஊர் திரும்பி, காதுகுத்து அன்று தேவனாம்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். வாசலில் நின்ற மகள், "என்னா, மலை எறங்கிடுச்சா?" என்றாள். சொல்லிக்கொண்டே என் பையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அலை காலை நனைத்த பிறகுதான், இத்தனை வருடமும் கோபமாகவே இருந்ததில் என் வீட்டுக்காரருக்காக நான் அழவே இல்லை என்பது தெரிந்தது. அன்று மணலில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். இப்போதும் காலையில் எழுந்து கால் ஊன்றும்போது, தரை அசையாமல் இருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.