பங்காளியும் பாதி அறுந்த வடமும்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுடையது பங்குக் கிணறு. ஒருநாள் நாங்கள் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தால், மறுநாள் என் கணவரின் பங்காளி கருப்பண்ணன் இறைப்பார். யாருடைய முறை என்பதில் தகராறு வந்ததிலிருந்து, கிணற்றடியில் கிடக்கும், மாடுகள் இழுக்கும் எங்கள் வடக்கயிற்றை அவர் அறுத்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, விறைத்துப் போகாமலிருக்க ஆட்டுக் கொழுப்பு தடவிக் கதவோரம் போட்டுவைத்தேன். எலிக்கு ஆகட்டுமென்று, வந்து போகும் பூனையையும் விரட்டவில்லை.

நான்காம் நாள் கதவோரத்தில் குடலைப் புரட்டும் நாற்றம். சாணம் போட்டு மெழுகினேன். மறுநாளும் அதே நாற்றம். கருப்பண்ணன்தான் எதையோ ஊற்றிச் செய்வினை வைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்று எங்கள் முறை. எருதுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவரும் வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்குவது வழக்கம். என் கணவர் உட்காரப் போனார்.

"அண்ணா, உக்காராதீங்க!" என்று வரப்பிலிருந்து கருப்பண்ணன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். வடம் பாதிக்குமேல் அறுந்து, புரி பிரிந்து நின்றது வரப்பிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அறுத்தவங்களுக்குத்தானே தெரியும்" என்றேன்.

அவர் கயிற்றை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வடம் உங்க ஊட்டுக்குள்ளதானுங்க அண்ணி கெடந்துச்சு? மோந்து பாருங்க. கடுவம்பூனை மூத்திரமுங்க. கொழுப்புக்காகக் கடிச்சிருக்குது."

கதவோரத்து நாற்றமேதான்.

புது வடம் இப்போது கிணற்றடியிலேயே, அவருடைய வடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டில் நாற்றம் வந்தால் முதலில் பூனையைத் தேடுகிறேன். பங்காளியைத் தேடுவது அப்புறந்தான்.