வாரண்டியும் பொறந்த வீட்டு வரிசையும்

“…கையெழுத்துப் போட்ட பொறவுதான நான் தொடக்கூடாது? இன்னும் போடலல்ல?”

ஷோரூம் பெண்ணிடம் என் அண்ணன் இப்படிக் கேட்டபோது பேனா என் கையில் இருந்தது. பெரம்பலூரில், பெரிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், எங்கள் குடும்பத்தின் முதல் கார் ரிப்பன் கட்டி நின்றுகொண்டிருந்தது.

அன்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் அரியலூரில் பிளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நான்தான், அவரில்லை. “நீ ஓட்டு, நான் பக்கத்துல ஒக்காந்து பயந்துக்கிறேன்” என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்.

காருக்கு முன்பணம் கட்டிய நாள் முதல் வீட்டில் ஒரே கேள்வி. கம்பெனி தருகிற வாரண்டி முடிந்த பிறகும் சில வருஷத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாமாம். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டலாமா, வேண்டாமா? அளவு கொடுக்க வந்த பெண்களிடமெல்லாம் கேட்டேன். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற ஒரு அக்கா, “மானத்தப் பாத்து வெதைக்கிறோம். அது என்னைக்கு நமக்கு வாரண்டி எழுதிக் குடுத்துச்சு?” என்று சிரித்தார். ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் இன்னொருவர், டேப்புக்காகக் கையைத் தூக்கியபடியே, “காத்தடிச்சி சாஞ்ச பொறவு மரத்துக்கு முட்டுக் குடுத்து என்னாடி பண்ணுறது?” என்றார். இரண்டு பேச்சுமே எனக்குப் பிடித்துப்போயின. அப்புறம் முடிவு எங்கே வரும்!

உண்மையில் நான் இழுத்துக்கொண்டே போனதற்குக் காரணம் அண்ணன். குன்னத்தில் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப். டிராக்டர், பைக், பழைய கார் எல்லாம் பார்ப்பார். பொங்கலுக்குப் பொறந்த வீட்டிலிருந்து கரும்பு, அரிசி, மஞ்சள் கொத்து என்று வரிசை வருவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அண்ணன் அதோடு ஸ்பானர் பையையும் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டுக்காரரின் பைக்கையும் என் ஸ்கூட்டரையும் வாசலில் பிரித்துப் போட்டு, ஆயில் மாற்றி, துடைத்துப் பொட்டும் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதுவும் வரிசைதான். நீட்டித்த வாரண்டி எடுத்தால் வெளியாள் யாரும் காரில் கை வைக்கக் கூடாது என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். அண்ணனைப் போய் வெளியாள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே கார் எடுக்கும் நாள் வந்துவிட்டது.

வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு ஷோரூமுக்குள் நுழைந்தார் அண்ணன். கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், பூ. நடுவில், மஞ்சள் குங்குமம் வைத்த ஒரு ஜோடி ஹாரன்!

“பாப்பா, நம்ம ரோட்டுல சிமெண்டு லாரிக்காரனுக்குக் கார் ஹாரன்லாம் கொசு கத்துற மாதிரி. இத அடிச்சிப் பாரு, ஒதுங்கிப் போயிருவான்.”

“லாரிக்காரன் ஒதுங்குவான் மச்சான். பக்கத்து சீட்டுல இருக்குற நான் குதிச்சிருவேன்,” என்றார் வீட்டுக்காரர்.

ஷோரூம் பெண் சிரிக்கவில்லை. “ஒயர கட் பண்ணி இத மாட்டுனா வாரண்டி போயிரும் சார். மேடம் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தாங்கன்னா சர்வீஸும் எங்ககிட்டதான் வுடணும். வெளில பிரிக்கக் கூடாது.”

“நான் இவளுக்கு அண்ணம்மா.”

“யாரா இருந்தாலும் சார்.”

அண்ணன் தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “அப்ப அது வேணாம் பாப்பா. நான் இருக்கேன்ல? கியர் பாக்ஸே போனாலும் நான் பாத்துக்குறேன்.”

அந்த ‘நான் பாத்துக்குறேன்’தான் என் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. போன வருஷம் என் ஸ்கூட்டர் நின்றுபோனபோது, “சும்மா ஒயர் லூசு” என்று சொல்லிச் சரிபண்ணிக் கொடுத்தார். தன் கைக்காசில் புது ஸ்டார்ட்டர் மோட்டாரே வாங்கிப் போட்டிருக்கிறார் என்பது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மனைவி என்னிடம் தைக்க வந்த அன்றுதான் தெரிந்தது. ஸ்கூட்டரோடு போனது சரி. நாளைக்குக் காரின் கியர் பாக்ஸ் போனாலும், எதை விற்றாவது வாங்கிப் போட்டுவிட்டு, “சும்மா போல்ட் லூசு” என்றுதான் சொல்வார். இதை நாலு பேர் முன்னால் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா?

“எனக்குப் பயமா இருக்குண்ணே. போட்டுக்கிறேனே,” என்றேன்.

“அந்த லாரிக்கு நடுவுலயே ஓட்டக் கத்துக்கிட்டவ நீ. ஒனக்கா பயம்?” என்று என்னையே பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். “மச்சான், என் பைக்க வுட்டுறாதீங்க. அதுக்கு எந்தக் கம்பெனிக்காரனும் வாரண்டி தரமாட்டான். அந்த ஹாரனையும் அதுலயே மாட்டிருங்க.”

“ஒங்க பைக்குக்கு ஹாரன் எதுக்கு மாப்ள? அதுவே ஊரக் கூட்டிக்கிட்டுதான வருது?”

இந்த முறை அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நான் பேனாவைக் கையில் எடுத்தேன். அந்தப் பரபரப்பில் எங்கே கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டினாள். அப்போதுதான் அண்ணன் அவளைப் பார்த்துக் கேட்டார், இன்னும் போடலல்ல என்று.

“இன்னும் இல்ல சார்,” என்றாள், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

அண்ணன் தாம்பாளத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி மின்னிய அந்தத் தரையில் விரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். “ஒரு டார்ச் குடும்மா, போல்ட் எதாச்சும் லூசா இருக்கான்னு பாத்துர்றேன்” என்று அவளிடமே கையை நீட்டி வாங்கிக்கொண்டு, காருக்கு அடியில் இடுப்பு வரைக்கும் போய்விட்டார்.