வாப்பாவுக்குக் கொடுக்காத சீனி

அன்று காலை வாப்பா இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே மடவளையில் உள்ள தன் கடையைத் திறக்கப் போனார். வியர்த்துக் கொட்ட, நாக்குழறித் திரும்பி வந்தார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதென்று எனக்கு உடனே விளங்கியது. மூளை குளுக்கோசில்தான் ஓடுகிறதென்று வருசக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள் நான். சீனித்தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடினேன்.

உம்மாவின் தம்பி, என் மாமா, கையைப் பிடித்துத் தடுத்தார். "சீனி வருத்தக்காரருக்குச் சீனியா? கொல்லப் போறியா?"

வீடே அவர் பக்கம் நின்றது. படித்த நானும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வாப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது.

உயிர் மிஞ்சியது. இப்போது என்னிடமே, "நீங்க யாருட மகள்?" என்று கேட்கிறார்.

மாமா வாராவாரம் பார்க்க வருகிறார். தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி கேட்கிறார். நானும் மூன்றையும் அளந்து போட்டுக் கலக்கிக் கொடுக்கிறேன்.