சம்மதம் என்ற பொத்தான்

என் தம்பிக்குப் பள்ளிக்கூடம் முழுக்க 'சம்மதம்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

அவன் அங்கே கணினி அறைக்குப் பொறுப்பாளன். நான் அதே பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த மலிவு விலை மடிக்கணினிகளில் இலவச மென்பொருள்கள் மட்டுமே இருந்தன. எழுதலாம், வரையலாம், பேசிப் பதிவு செய்யலாம். பாட வீடியோவைத் தட்டினால் மட்டும், 'இந்தக் கோப்பைத் தெரியாது' என்று கையை விரித்துவிடும். அதை ஓட்டும் ப்ளகின் என்ற துணை மென்பொருள் ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம். காசு கேட்க மாட்டார்கள்; பக்கம் பக்கமாக நிபந்தனை போட்டு, கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள்.

ப்ளகினை ஏற்றுவது தம்பியின் வேலை. ஆனால் அந்தப் பொத்தானை அவன் தொடவே மாட்டான். பெற்றோரை வரவழைத்து, நிபந்தனைகளை வரி விடாமல் வாசித்துக் காட்டி, "உங்க வீட்டு மெஷின். நீங்கதான் அமுக்கணும்" என்பான். வெளியே வரிசை நீளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், உன் கல்யாணத்துக்கே நீ இவ்வளவு யோசிக்கலையேடா!"

"அதனாலதான்க்கா இப்ப யோசிக்கிறேன். அடுத்தவங்க கையெழுத்தை நாம போடுவோமா?"

பிடித்தால் உடும்புப்பிடி. அவனோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

ஒருநாள் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய் மடிக்கணினியோடு, இளைய மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மடிக்கணினி அவருடைய மூத்த பெண்ணுடையது. போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பள்ளிதான், அன்று நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். இப்போது சின்னவள் அதே வகுப்புக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பாட வீடியோ தெரிய வேண்டும்.

தம்பி ப்ளகினை ஏற்றப் பார்த்தான். இடம் போதவில்லை என்றது மெஷின். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மூத்தவளின் குரல். பாடம் ஒப்பிப்பது, தானாகக் கதை கட்டுவது, தங்கையைத் திட்டுவது என்று எதையெல்லாமோ பதிந்து வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் இந்த பென் டிரைவ்ல போட்டுட்டேன்மா. உங்க போன்லயே சொருகிக் கேக்கலாம். இதுல இருக்கிறதை இப்ப அழிக்கணும். சம்மதம்னா அமுக்குங்க."

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அமுக்கினார்.

மறுநாள் நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். போனை நீட்டினார். எந்தப் பதிவைத் தட்டினாலும் 'இந்தக் கோப்பைத் திறக்க இயலாது' என்றது.

"தம்பி, புள்ளை குரல் போயிடுச்சா?" என்றார். அழவில்லை. "நான்தானே அமுக்கினேன். என் கையாலயே அழிச்சிட்டேன்."

எனக்குத் தம்பி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊருக்கே நிபந்தனை வாசித்துக் காட்டுகிறவன், அந்த பென் டிரைவை ஒரு தடவை போனில் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? அவனுடைய நியாயத்தின் பாரமெல்லாம் அந்தத் தாயின் ஒற்றை விரலில் இறங்கியிருந்தது.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். கோளாறு எங்கே என்று உடனே தெரிந்துகொண்டான். அந்த மடிக்கணினி தனக்கென்று ஒரு வகையில் குரலைப் பதியும். கம்பெனி வீடியோ அதற்குத் தெரியாததுபோல, அதன் வகை இந்தப் போனுக்குத் தெரியவில்லை.

"போகலைம்மா. குரல் அப்படியே இருக்கு. உங்க போனுக்குப் புரியற மாதிரி மாத்தணும், அவ்வளவுதான். தப்பு என்னோடது."

அறையின் பெரிய கணினியில் அதற்கான மென்பொருளை இறக்கினான். அதுவும் விடவில்லை, நிபந்தனைகளைக் கொட்டி, 'சம்மதமா?' என்று கேட்டது. பழக்கதோஷம், தம்பி மௌஸை அவர் பக்கம் நகர்த்தினான்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நான் மாட்டேன் தம்பி. நீங்களே அமுக்குங்க."

என் தம்பி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அமுக்கினான்.

மாற்றிய முதல் பதிவைப் போனில் போட்டுக் கொடுத்தான். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, அந்தப் பெண்ணின் எரிச்சலான குரல்: "அம்மா, கொஞ்சம் சத்தம் போடாம இரேன். பதிவாகுதுல்ல!"

அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார்.

"சரிடி," என்றார் மெதுவாக. "நான் பேசலை. நீ பேசு."