மோட்டார் இல்லாமல் ஏறிய தண்ணீர்

ஒப்பந்தக்கார அண்ணாச்சி, போடாத மோட்டாரைப் போட்டதாக நீர் பொய் சொன்னீர். இதை எந்த இடத்திலும் சொல்வேன். ஆனால் அன்று நடந்த இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நானும் உம்மைப் போல ஆகிவிடுவேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன், உள்ளாட்சித் தணிக்கையில் வேலை. பேய், பிசாசு, அருள்வாக்கு எதுவும் என்னிடம் செல்லாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்ட பிறகுதான் ஒரு பொருள் இருக்கிறது என்று எழுதுவேன். கேட்கிற நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். ஆற்றிலிருந்து ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றப் புது மோட்டார் வாங்கியதாகச் சொன்னார்கள், அதைச் சரிபார்க்கப் போனேன். தெருக்குழாய் முன்னால் காலிக் குடங்கள். பேச்சியக்கா என்று ஒரு பெண் என்னை மறித்தாள்.

"ஆறு அங்கன ஓடுது, நாங்க இடுப்பொடிய சொமக்கோம். நீங்க எழுதுனாத்தான் சார் எங்களுக்கு மோட்டார். விட்டுராதீங்க."

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குழாயைத் திறந்து பார்த்து ஏமாறக் கூடாது, முதலில் டேங்க் மேல் ஏற வேண்டும். ஆடிட் என்றால் முந்தின நாளே லாரித் தண்ணீரை ஊற்றிவைத்துக் குழாயில் விட்டுக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏறிப் பார்த்தேன், உள்ளே பாசி காய்ந்து அப்பளமாக உரிந்து கிடந்தது. இறங்கி, ஒப்பந்தக்காரரும் பேச்சியக்காவும் கூட வர, மோட்டார் ரூமுக்குப் போனோம். வெறும் சிமெண்ட் மேடை, அதன்மேல் ஆட்டுப் புழுக்கை.

"மோட்டார் எங்கவே?" என்றேன்.

"காயில் கருகி ரீவைண்டிங்குக்குப் போயிருக்கு சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"புது மோட்டாருக்கு எதுக்குவே ரீவைண்டிங்?"

"கல்யாணத்தன்னைக்கே மாப்பிள்ளைய ஆஸ்பத்திரியில சேத்தாப்லல்லா இருக்கு" என்றாள் பேச்சியக்கா.

அப்போதுதான் காலடியில் தரை நடுங்கியது. ஙொய் என்று ஒரு சத்தம், பைய ஆரம்பித்து ஏறியது. மேடையில் கிடந்த புழுக்கைகள் துள்ளின. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு, ஓடுகிற மோட்டாரின் அதே சூடு. மேடைமேல் ஒன்றுமில்லை. ஒப்பந்தக்காரர் கதவு வரை பின்வாங்கியே போனார். என்னைவிட அவர்தான் பயந்தார், ஏனென்றால் அங்கே மோட்டார் இல்லை என்பது எனக்குப் பார்த்துத் தெரியும், அவருக்குச் செய்து தெரியும்.

தெருவில் ஒரே கூச்சல். ஓடினோம். குழாயில் தண்ணீர் பீறிட்டது, சுத்தமான ஆற்றுத் தண்ணீர், ஜில்லென்று. "ஏலே, டேங்கு நெறஞ்சு ஊத்துதுலே!" என்று ஒருவன் கத்த, டேங்குக்குக் கீழே பெரியவர்கள் சட்டையோடு நின்று குளித்தார்கள், ஆடுகளையும் இழுத்துவந்து குளிப்பாட்டினார்கள், பேச்சியக்கா ஒரு குடத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். நானும் சிரித்தேன். குறை எழுதியே பிழைக்கிற என் வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது. அதற்குள் ஒப்பந்தக்காரருக்குத் தைரியம் திரும்பியிருந்தது. தண்ணீர் ஓடும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தார்.

"தண்ணி வந்துச்சுல்லா சார்? அப்போ மோட்டார் இருக்குன்னுதான அர்த்தம்? எழுதிருங்க."

பேச்சியக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

நான் எழுதினேன். மோட்டார் இல்லை. தண்ணீர் வந்தது. இரண்டையும் எழுதினேன். இரண்டில் ஒன்றை அடித்துவிடு என்கிறார் மேலதிகாரி. இரண்டும் நான் பார்த்தது, எதையும் அடிக்க மாட்டேன்.

மோட்டார் இன்னும் வரவில்லை. ஊர்க்காரர்கள் எனக்குப் போன் போடுகிறார்கள். "சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, அழுக்குத் துணி குமிஞ்சு கெடக்கு." திட்டிவிட்டு வைத்தேன், பிறகு மனசு கேட்காமல் ஒரு நாள் போனேன். நம்பினால் நம்புங்கள், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஊர் கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை. என் வருகை அதற்கு எப்படித் தெரியும்?

அண்ணாச்சி, வருகிற கிராம சபையில் மைக்கைப் பிடித்து ஊர் முன்னால் பதில் சொல்லும். மோட்டார் இருந்தால் தூக்கிவந்து காட்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, என்றைக்கு மாட்டுவீர் என்பதையும் சொல்லும். அதுவரை உம் வேலையைச் செய்துகொண்டிருப்பது யாரோ, அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும்வே.